போரும் போராட்டமும் எழுத்தை எப்படி மாற்றுகின்றன?

"பெரிய போர் நடந்த நாட்டில்தான் பெரிய இலக்கியம் வரும்" என்று இலக்கியக் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லுவார். தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடிக்கிறது. போரும் பஞ்சமும் ஒடுக்குமுறையும் வரலாறு முழுக்க இருந்திருக்கின்றன. அவற்றில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வரிகூட எழுதாமல்தான் செத்துப்போனார்கள். பட்ட துன்பமெல்லாம் இலக்கியமாகும் என்றால் நம் நூலகங்கள் கொள்ளாது.

அப்படியானால் துன்பத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. என் கணக்கில் அது ரொம்பச் சாதாரணமான விஷயம்: எழுதப் படிக்கக் கற்றுத்தந்த பள்ளிக்கூடம், தாள், தபால், அச்சகம், ஒரு சிறுபத்திரிகை, "எழுதினால் நான் படிப்பேன்" என்று சொல்ல ஓர் ஆள். போர் ஒருவனை உலுக்கிப்போடும். அந்த உலுக்கல் எழுத்தாக வெளியே வருமா, வராதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த ஏற்பாடுகள்தான். முதல் உலகப் போரின் ஆங்கிலக் கவிதையையும் மராத்தி தலித் இலக்கியத்தையும் வைத்து இதைப் பார்க்கலாம். ஒன்று போர், மற்றொன்று சமூகப் போராட்டம்.

1914இல் இருந்த கவிதை

பிரிட்டன் 1914 ஆகஸ்ட் 4 அன்று போரில் இறங்கியது. அப்போது அங்கே கட்டாய ராணுவ சேவை கிடையாது, அது 1916இல்தான் வந்தது. ஆகவே இளைஞர்களைத் தாமாக வந்து சேரவைக்க வேண்டும். அதற்குக் கவிதையும் பயன்பட்டது. 1914 செப்டம்பரில் அரசாங்கமே நாட்டின் பெரிய எழுத்தாளர்களை லண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்ற கட்டடத்துக்கு ரகசியமாக வரவழைத்துப் பிரசாரத்துக்கு உதவி கேட்டது. தாமஸ் ஹார்டி, ஹெச்.ஜி. வெல்ஸ், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் எல்லோரும் போனார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் நம்பியும் இருந்தார்கள்.

அந்த நம்பிக்கையின் முகம் இளம் கவிஞர் ரூபர்ட் புரூக். போர் தொடங்கிய ஆண்டில் அவர் எழுதிய சானெட்டுகளில் (பதினான்கு வரிக் கவிதைகள்) மரணம் சுத்தமான, அழகான ஒன்று. நாட்டுக்காகச் செத்தால் புதைந்த அந்நிய மண்ணும் இங்கிலாந்தாகிவிடும். அதில் ஒரு கவிதையை 1915 ஈஸ்டர் ஞாயிறன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பிரசங்கத்தின்போது வாசித்தார்கள். அதே மாதம் புரூக் இறந்தார். குண்டடி பட்டு அல்ல. துருக்கியின் கலிப்பொலி போர்முனைக்குப் போகும் வழியில் கொசுக்கடி சீழ்பிடித்து, ரத்தம் நஞ்சாகி, ஒரு மருத்துவமனைக் கப்பலில் இறந்தார். பதுங்குகுழி வாழ்க்கையின் பிந்தைய ஆண்டுகளை அவர் பார்க்கவே இல்லை.

இதை நாம் பழிக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 278ஆம் பாட்டில், உன் மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்ட முதியவள், அது உண்மையென்றால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதறிக் கிடந்த மகன் உடலைக் கண்டதும் அவனைப் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். அதே நூலின் 112ஆம் பாட்டில் பாரியின் மகள்கள், சென்ற மாத நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்கிறார்கள். வீரமும் இழப்பும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து இருக்க நம் மரபு இடம் கொடுத்தது. 1914 இங்கிலாந்தின் பொது மேடையில் முதல் குரல் மட்டும்தான் ஒலித்தது.

பதுங்குகுழியில் என்ன நடந்தது?

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். 1916 ஜூலை 1 அன்று, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும், பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. வாளும் குதிரையும் நேருக்கு நேர் மோதலும் இருந்த காலத்தின் வர்ணனைகளை இந்த எண்களின் மேல் போர்த்தினால் பொருந்தாது. எங்கோ மைல் கணக்கில் தள்ளி நின்று எறிகணை வீசுபவனிடம் வீரம் காட்ட வழியேது?

ஆனால் இதை ஊருக்கு எழுதவும் விடவில்லை. ராணுவம் ஒரு அஞ்சலட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதில் வாக்கியங்கள் ஏற்கனவே இருக்கும்: நான் நலம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தது. வெகு நாளாக உங்களிடமிருந்து கடிதமில்லை. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை. "நான் செத்துக்கொண்டிருக்கிறேன்", "எனக்குப் பயமாக இருக்கிறது" போன்ற வாக்கியங்கள் அந்த அட்டையில் இல்லை. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் போர்முனையிலிருந்து வந்த செய்தி இதுதான்.

இந்த இடைவெளியில்தான் புதிய கவிதை பிறந்தது. அது பிறந்த இடம் போர்முனை அல்ல, ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் என்ற மருத்துவமனை. மனம் உடைந்த அதிகாரிகளுக்கானது. 1917 கோடையில் வில்ஃப்ரெட் ஓவன் என்ற இளம் அதிகாரி அங்கே சேர்ந்தார். ரயில்வே ஊழியரின் மகன். பழைய பாணியில் இனிமையாக எழுதிக்கொண்டிருந்தவர். சில வாரங்களில் சீக்ஃப்ரீட் சசூன் வந்தார். பதக்கம் வாங்கிய வீரர், அறியப்பட்ட கவிஞர். போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று பகிரங்க அறிக்கை விட்டதால், ராணுவ நீதிமன்றத்துக்குப் பதில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்.

சசூனுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் நமக்கு ஒரு வகையில் தெரிந்தவர். நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி ஆராய்ந்து 1906இல் பெரிய நூல் எழுதிய மானுடவியலாளர் அவர்தான். ஊட்டிப் பக்கம் தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உறவுமுறைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர், பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதிகாரிகளை உட்காரவைத்து அவர்கள் கனவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மருத்துவமனைக்கு நோயாளிகளே நடத்திய ஒரு பத்திரிகை இருந்தது. பெயர் 'ஹைட்ரா'. ஓவன் அதன் ஆசிரியரானார். அவருடைய கவிதை முதலில் அச்சேறியது அதில்தான். சிறுபத்திரிகை என்றால் நாம் என்ன நினைப்போமோ அதுதான்: கையளவு வாசகர்கள், நாலு பக்கம், ஆனால் எழுதியதைக் காட்ட ஓர் இடம்.

அங்கே எழுதிய ஒரு கவிதையின் வரைவுகள் இன்றும் இருக்கின்றன. பென்சிலில் சசூனின் திருத்தங்களைப் பார்க்கலாம். ஆடுமாடுகளைப் போலச் சாகிறவர்களுக்கு எந்தத் தேவாலய மணி ஒலிக்கும் என்று கேட்கும் கவிதை அது. ஆரம்ப வரைவில் "நம் பீரங்கிகளின்" சீற்றம் என்று இருந்தது, முடிவில் வெறும் "பீரங்கிகளின்" சீற்றம் என்றாகிவிட்டது. "நம்" போனதும் எதிரியின் பீரங்கி, நம் பீரங்கி என்ற பிரிவினையே போய்விடுகிறது. கொல்வது பீரங்கி, அவ்வளவுதான். போர் சிந்தனையை மாற்றியது என்று புத்தகங்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்லும். இந்த வரைவில் அந்த மாற்றத்தைக் கையெழுத்திலேயே பார்க்கலாம்.

ஓசையும் மாறியது. ஆங்கிலக் கவிதையில் வரிகளின் கடைசி ஒத்து ஒலிப்பது வழக்கம், நம் இயைபு போல. ஓவன் சில கவிதைகளில் அதைத் திட்டமிட்டுக் கெடுத்தார். மெய்யெழுத்து ஒலிகளை அப்படியே வைத்து உயிரை மட்டும் மாற்றினார். ஒரு வரி 'கல்' என்று முடிந்தால் அடுத்தது 'கோல்' என்று முடிகிற மாதிரி. காது ஒத்திசைவை எதிர்பார்த்துப் போய்க் கடைசி நொடியில் ஏமாறும். தான் கொன்ற எதிரியைப் பாதாளத்தில் சந்திக்கும் கவிதையை முழுக்க இப்படி எழுதினார். அந்தச் சந்திப்பில் எதுவும் ஒட்டாது என்பதை வாசிக்கும் காதே சொல்லிவிடும்.

வாயுத் தாக்குதலில் ஒருவன் மூச்சுத்திணறிச் சாவதைச் சொல்லும் இன்னொரு கவிதையை, ஒரு வரைவில், ஜெஸ்ஸி போப் என்ற பெண்ணுக்கு அர்ப்பணித்திருந்தார். போரை விளையாட்டுப் போட்டியாகச் சித்திரித்து "யார் யார் ஆட வருகிறீர்கள்" என்ற தொனியில் பத்திரிகைகளில் பாட்டெழுதியவர் அவர். பிறகு ஓவன் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். நல்லதாயிற்று. ஒரு தனிநபர் மீதான கோபமாகச் சுருங்கியிருக்கும்.

உடனே யாரும் கேட்கவில்லை

ஓவன் 1918 நவம்பர் 4 அன்று இறந்தார், போர் முடிய ஒரு வாரம் இருந்தபோது. உயிரோடிருந்தவரை அச்சில் வந்தவை ஐந்தே கவிதைகள். தொகுப்பு 1920இல் சசூன் முயற்சியில் வந்தது. அப்போதும் ஊரே பேசியது என்று சொல்ல முடியாது. போரைப் பற்றிய நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் வெள்ளமாக வந்தது 1928 முதல் 1930 வரையான காலத்தில். ஜெர்மனியின் ரெமார்க் எழுதிய நாவல் 1929இல் புத்தகமாகி உலகம் முழுக்க விற்றது. 1933இல் நாஜிகள் அதை எரித்தார்கள்.

பத்து வருடத் தாமதம் ஏன்? பாதிக்கப்பட்டவர்கள் முதலில் பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு "அவன் வீணாகச் செத்தான்" என்ற புத்தகம் தேவைப்படவில்லை. பதிப்பாளருக்கும் இது தெரியும். ஆகவே ஒரு போரைப் பற்றிய இலக்கியத்தைத் தேடுகிறவர்கள் போர் நடந்த ஆண்டை மட்டும் தேடக் கூடாது. அதற்குப் பிந்தைய பத்து, இருபது ஆண்டுகளையும் தேட வேண்டும்.

கருத்துலகிலும் உடைப்புகள் நடந்தன. கனவு என்பது ஆசையின் நிறைவேற்றம் என்று சொல்லிவந்த உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டுக்கு, ராணுவ வீரர்கள் அதே பயங்கரத்தைத் திரும்பத் திரும்பக் கனவு காண்பது இடித்தது. 1920இல் தன் கோட்பாட்டையே திருத்தி எழுதினார். உடம்பில் காயமில்லாத ஒருவன் நடுங்குவது கோழைத்தனமா, நோயா என்ற கேள்வி மருத்துவத்துக்கு வந்தது. அதற்குத் தெளிவான பதில் வருவதற்குள் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. அவர்களுக்கு மன்னிப்பு 2006இல் கிடைத்தது.

அதே போர், வேறு கதை

இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிரான்சின் சேற்றிலும் பனியிலும் நின்றார்கள். ஓவன் பட்டதை அவர்களும் பட்டார்கள். அவர்களிலிருந்து ஓர் ஓவன் ஏன் வரவில்லை?

அவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். பலர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். அந்தக் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. அதற்குத் தப்ப அவர்கள் ஒரு குறிமொழி வைத்திருந்தார்கள்: கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். கறுப்பு மிளகு தீர்ந்துபோயிற்று, இனி சிவப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினால், ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும். தணிக்கைக்காரருக்கும் புரிந்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கோப்பில் போட்டதால்தான் நமக்கு இது தெரிகிறது. என்னைக் கேட்டால் அந்த மிளகு வாக்கியம் எந்தப் போர்க் கவிதைக்கும் குறைந்ததில்லை. ஆனால் அதற்குப் பத்திரிகை இல்லை, திருத்திக்கொடுக்கச் சசூன் இல்லை, பதிப்பாளர் இல்லை. கோப்பு இருந்தது. அந்தக் கடிதங்களின் பெரிய தொகுப்பு ஒன்று புத்தகமாக வந்தது 1999இல்.

இதில் ஒரு விசித்திரம். ஓவனின் சட்டைப்பை நோட்டில் தாகூரின் கீதாஞ்சலி வரி ஒன்று எழுதியிருந்தது. அவருடைய தாய் 1920இல் தாகூருக்கே இதை எழுதித் தெரிவித்தார். இந்தியக் கவிதை ஆங்கிலேய வீரனின் பைக்குள் போக வழி இருந்தது. இந்தியச் சிப்பாயின் வாக்கியம் கோப்பை விட்டு வெளியே வரத்தான் வழியில்லை.

போராட்டம் எப்படி வேறுபடுகிறது?

போருக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. சாதிக்கு அப்படி இல்லை. ஆகவே சமூகப் போராட்டத்திலிருந்து வரும் எழுத்து நினைவுகூரலாக மட்டும் இருக்க முடியாது, நடந்துகொண்டிருப்பதற்கு நடுவிலேயே எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால், ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கூடிவந்தது தெரியும்.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 1927 மார்ச் 20 அன்று மகாடு என்ற ஊரில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிக்கும் போராட்டம் நடந்தது. அடுத்த மாதமே 'பஹிஷ்கிருத் பாரத்' என்ற இன்னோர் இதழ். போராட்டமும் பத்திரிகையும் கைகோத்தே வந்தன. பிறகு அவர் அமைத்த மக்கள் கல்விக் கழகம் 1946இல் மும்பையில் சித்தார்த் கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கியது. கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள், மாணவர்களிடமிருந்து இதழ்கள். 1958இல் மும்பையில் முதல் தலித் இலக்கிய மாநாடு கூடியது. மகாடு குளத்தங்கரையிலிருந்து அங்கே வர முப்பத்தோரு வருடம்.

அப்புறம் 1972. தலித் பேந்தர்ஸ் என்ற அமைப்பு மும்பையில் தொடங்கியது. பெயர் அமெரிக்கக் கறுப்பினப் போராளிகளின் பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்து வைத்தது. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் எழுத்தாளர்கள். அதில் ஒருவரான நாம்தேவ் தசாலின் முதல் தொகுப்பு 'கோல்பிதா' அதே ஆண்டு வந்தது. மும்பையில் பாலியல் தொழிலுக்குப் பேர்போன காமாட்டிபுரா பகுதியின் தெருப்பேச்சில், வசையும் கொச்சையும் அப்படியே இருக்க, எழுதிய கவிதைகள். அதற்கு முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கர் மராத்தியின் மிகப் பெரிய நாடகாசிரியர்களில் ஒருவர். அவருக்கே பல சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை, அதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஒரே நகரம், ஒரே மொழி, ஆனால் அகராதி வேறு. இது கவிதையே இல்லை என்ற குரல்களும் எழுந்தன. கவிதை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை அந்தக் குரல்களே கிளப்பிவிட்டன.

போராட்டத்துக்குள்ளும் பேனா எல்லோர் கைக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மகாராஷ்டிரத்தின் பல்டண் ஊரில் சிறு கடை நடத்திவந்த தலித் பெண் பேபி காம்ளே, கடையில் கிடைத்த நேரத்தில் தன் வாழ்க்கையை எழுதினார். கணவருக்குத் தெரியாமல் பல வருடம் ஒளித்துவைத்திருந்தார். 1980களில் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. ஊரில் தன் மக்களுக்கு நேர்ந்ததையும் எழுதினார், வீட்டுக்குள் பெண்களுக்கு நேர்ந்ததையும் எழுதினார்.

தமிழில் இந்தக் கதை வேறு வரிசையில் நடந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இலேயே சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழை நடத்தினார். ஆனால் அவருக்குப் பிறகு அந்தத் தொடர்ச்சி அறுந்ததுபோல நீண்ட மௌனம், அல்லது நாம் கவனிக்காத காலம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்ட நாவல் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எழுதியவர் இந்திரா பார்த்தசாரதி, டெல்லியில் பேராசிரியராக இருந்தவர். நிலவுடைமையாளரின் கொடூரத்துக்கு அவருடைய தனிப்பட்ட பாலியல் குறையைக் காரணமாக்கிக் கூலிப் பிரச்சினையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். நாவலாசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்பவர்களும் இருந்தார்கள். எனக்கு விமர்சகர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த நாவல் வந்திருக்காவிட்டால் இந்தச் சண்டையே நடந்திருக்காது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது மொழிபெயர்ப்புகளும் இதழ்களும் கூட்டங்களும் பெருகின. மறு ஆண்டே பாமாவின் 'கருக்கு', தன் ஊர்ப் பேச்சில் எழுதிய தன்வரலாறு.

கடைசியில் பாடப்புத்தகம்

எதிர்ப்பாக வந்த எழுத்தை, கொஞ்ச காலம் போனதும், எதிர்க்கப்பட்டவர்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1985 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரின் 16 கவிஞர்களுக்கு ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். அதில் பொறித்திருப்பது ஓவன் தன் தொகுப்புக்கு எழுதிவைத்த முன்னுரைக் குறிப்பின் வாசகம்: என் பாடுபொருள் போரும் போர் எழுப்பும் இரக்கமும், கவிதை அந்த இரக்கத்தில் இருக்கிறது. புரூக்கின் பெயரும் ஓவனின் பெயரும் அதே கல்லில் இருக்கின்றன. ஒருவர் நம்பியதை மற்றவர் பொய் என்று எழுதினார். அந்தக் கல்லுக்கு இருவரும் வெறும் போர்க் கவிஞர்கள்.

நாம்தேவ் தசாலுக்கு 1999இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிற்காலத்தில் அவர் சிவசேனாவோடு நெருங்கி, அந்தக் கட்சியின் 'சாம்னா' நாளிதழில் எழுதவும் செய்தார். பழைய தோழர்கள் பலரால் அதை ஏற்க முடியவில்லை. 'கோல்பிதா' இன்று பல்கலைக்கழகங்களில் பாடம். தேர்வுக்குப் படிக்கிற மாணவர் அதன் கோபத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.